பீட்ரூட்டின் சிவப்பு: இரத்தமா, சாயமா?

“இரத்தம் குறைவா? பீட்ரூட் சாப்பிடு.”

இந்த அறிவுரையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நம் நாட்டில் மிகக் குறைவு. தேர்வுக் காலத்தில் முகம் வெளுத்திருந்தால் அம்மா சொல்வார். மாதவிலக்கு நாள்களில் சோர்ந்து படுத்தால் பாட்டி சொல்வார். இப்போது அதே அறிவுரையைக் கைப்பேசியில் வரும் காணொளிகளும் பின்னணி இசையோடு சொல்கின்றன. காரணம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “வெட்டிப் பார், இரத்தம் மாதிரியே இருக்கிறதே!”

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிட முடியாது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. நாற்பது மாணவிகள் இருக்கும் ஒரு விரிவுரை வகுப்பை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் இரத்தம் போதாமல் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் கொடுக்கும் மருந்து பீட்ரூட் என்றால், அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

கீரையின் உறவுக்காரன்

பீட்ரூட்டை நாம் கிழங்கு வரிசையில் வைக்கிறோம். உருளை, கேரட், பீட்ரூட் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். ஆனால், தாவரவியல் கணக்கில் அது தண்டுக்கீரைக்கும் பாலக்கீரைக்கும் சொந்தம். மூன்றும் ஒரே குடும்பம். இலைக்காம்பில் ஓடும் சிவப்பு நரம்பைப் பார்த்தால் உறவு புரிந்துவிடும்.

இதன் மூதாதை ஐரோப்பாவின் கடலோரங்களில் தானாக வளரும் ஒரு செடி. பழங்கால மக்கள் அதன் இலைக்காகவே அதை வளர்த்தார்கள். வேரைப் பெருக்க வைத்து உண்ணும் வழக்கம் பின்னால் வந்தது. அதே இனத்தின் இன்னொரு பிள்ளைதான் வெள்ளைநிறச் சர்க்கரைப் பீட். 1747-இல் ஆண்டிரியாஸ் மார்கிராஃப் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், பீட் வேரில் இருக்கும் சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றே என்று கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் ஆக்கார்டு 1801-இல் முதல் பீட் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். பிரிட்டனோடு நடந்த போரால் கரும்புச் சர்க்கரை வரத்துத் தடைப்பட்டபோது, 1811-இல் நெப்போலியன் பிரான்சில் பீட் பயிரிட உத்தரவிட்டார். இன்று உலகச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தச் செடியிலிருந்து வருகிறது.

ஆக, பீட்ரூட்டின் பிறவிக் குணம் இனிப்பு. இரும்பு எங்கே என்பதுதான் இப்போது கேள்வி.

சிவப்பின் வேதியியல்

இரத்தத்தின் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. அந்த மூலக்கூற்றின் நடுவில் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பீட்டானின் என்ற நிறமி. அதில் கரி, நீரியம், உயிரியம், நைட்ரஜன் எல்லாம் உண்டு. இரும்பு அணு ஒன்றுகூட இல்லை. இரண்டும் சிவப்பு என்பதைத் தவிர அவற்றுக்கிடையே எந்த உறவும் கிடையாது.

இன்னொரு வியப்பும் உண்டு. திராட்சை, ஊதா முட்டைக்கோஸ், செம்பருத்தி ஆகியவற்றின் நிறம் ஆந்தோசயனின் என்ற வேறு நிறமியால் வருகிறது. பீட்டானின் குடும்பத்து நிறமிகள் இருக்கும் செடியில் ஆந்தோசயனின் இருக்காது. அது இருக்கும் செடியில் இவை இருக்கமாட்டா. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. பீட்டானின் வகை நிறமிகளைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டு வேலியோரக் காகிதப்பூவிலும், இரவுச் சந்தையில் விற்கும் செந்நிற டிராகன் பழத்திலும் இருப்பவை அவைதாம்.

இந்த நிறமியைச் சிலருடைய உடல் முழுமையாகச் சிதைப்பதில்லை. அதனால் பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்து போகும். எங்கள் விடுதியில் ஒரு தோழி இடைத்தேர்வு வாரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு அழுதுகொண்டே அறைக்கதவைத் தட்டினாள். சிறுநீரில் இரத்தம் என்று நினைத்துவிட்டாள். முந்தின இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம். பீட்ரூட் பிரட்டல், இரண்டு தட்டு! பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படி நடப்பது இயல்பு. இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பீட்ரூட் எதுவும் சாப்பிடாமலே சிறுநீர் சிவந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இரும்புக் கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். 100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம். மாதவிலக்கு வரும் வயதிலுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் அளவில் இரும்பு தேவை. பீட்ரூட்டை மட்டும் நம்பினால் தினமும் இரண்டரைக் கிலோ சாப்பிட வேண்டும். அவ்வளவு பீட்ரூட்டை வெட்டித் தின்று முடிப்பதற்குள் அன்றைய வகுப்புகள் எல்லாம் முடிந்துவிடும்.

வேறு உணவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 100 கிராம் அளவில், வேகவைத்த கொண்டைக்கடலையில் 2.9 மில்லிகிராம், வேகவைத்த மைசூர்ப் பருப்பு வகைகளில் சுமார் 3.3 மில்லிகிராம், சமைத்த கோழி ஈரலில் 10 மில்லிகிராமுக்கும் மேல் இரும்பு உண்டு. பீட்ரூட்டின் இலையிலேயே 2.5 மில்லிகிராம் இருக்கிறது. கிழங்கைப் போல மூன்று மடங்கு. நாம் கிழங்கை வாங்கிக்கொண்டு இலையை வெட்டி எறிகிறோம்!

அளவு மட்டும் போதாது. செடியிலிருந்து வரும் இரும்பை நம் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும்; தேநீரும் காப்பியும் தடுக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு குவளைத் தேநீர், செடி உணவிலுள்ள இரும்பின் உறிஞ்சலைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். சைவ உணவுக்காரர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பருப்புக் கறியைத் தொட்டுக்கொண்டு ரொட்டி சானாய், கூடவே தே தாரிக் என்று சாப்பிட்டால், பருப்பு தரவந்த இரும்பைத் தேநீர் வாசலிலேயே மறித்துவிடுகிறது. தேநீரைக் கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

பாட்டி சொன்னதில் பாதி

அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை.

இரத்தச் சிவப்பணுக்கள் உருவாக இரும்பு மட்டும் போதாது. ஃபோலேட் என்ற பி வைட்டமினும் பி12 வைட்டமினும் வேண்டும். ஃபோலேட் குறைந்தாலும் ஒருவகை இரத்தச்சோகை வரும். பீட்ரூட் சிறந்து நிற்பது இங்கேதான். 100 கிராம் பச்சைப் பீட்ரூட்டில் 109 மைக்ரோகிராம் ஃபோலேட் உண்டு. ஒரு நாள் தேவையான 400 மைக்ரோகிராமில் அது கால் பங்குக்கு மேல். வேகவைத்தால் 80 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கும். அப்போதும் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கிறது. இதோடு 2.8 கிராம் நார்ச்சத்து, 325 மில்லிகிராம் பொட்டாசியம் எல்லாம் வெறும் 43 கலோரியில் கிடைக்கின்றன.

ஆகவே, பீட்ரூட் இரத்தம் உருவாகத் துணைசெய்கிறது என்று சொன்னால் சரி. இரும்பு தருகிறது என்று சொன்னால் தவறு. நம் நாட்டுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் இரத்தச்சோகை இரும்புக் குறைவால் வருவது என்பதால், இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை.

என் வகுப்புத் தோழி ஒருத்தி வளாகத்தில் நடந்த இரத்த தான முகாமுக்குப் போனாள். தானம் செய்ய ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். அவளுக்கு 10.8. இந்த முறை வேண்டாம் என்று தாதி அன்போடு திருப்பி அனுப்பினார். அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினைந்து பேர் பீட்ரூட் சாறு குடிக்கச் சொன்னார்கள். ஒரு பருவம் முழுக்கக் குடித்தாள். அடுத்த முகாமில் 10.6. அதன் பிறகுதான் கிளினிக்குக்குப் போனாள். பரிசோதனையில் உடலின் இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில் இருப்பது தெரிந்தது. மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையைச் சில மாதங்கள் ஒழுங்காக எடுத்த பிறகே எண் 12-ஐத் தாண்டியது. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவது தன் சோம்பல் என்றே அவள் அதுவரை நினைத்திருந்தாள். பீட்ரூட் அவளுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஆனால், ஒரு பருவத்தை எடுத்துக்கொண்டது.

விளையாட்டாளர்கள் ஏன் குடிக்கிறார்கள்?

பீட்ரூட்டின் மிகச் சுவையான அறிவியல் கதை இரத்தச் சோகையில் இல்லை, இரத்தக் குழாயில் இருக்கிறது.

பீட்ரூட்டில் நைட்ரேட் என்ற சேர்மம் மிகுதி. அதைச் சாப்பிட்டதும் நைட்ரேட் இரத்தத்தில் கலந்து, அதில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியாக மறுபடியும் வாய்க்கு வருகிறது. அங்கே நாக்கில் வாழும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கியபின் உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. அந்த வாயு இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு நம் உடலில் செய்யும் இந்தச் செய்தித் தூது வேலையைக் கண்டறிந்ததற்காகவே ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

2008-இல் லண்டன் ஆய்வாளர்கள் உடல்நலமுள்ள சிலருக்கு 500 மில்லிலிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்துப் பார்த்தபோது, அடுத்த சில மணி நேரத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 10 அளவுக்கு இறங்கியது. 2009-இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகக் குழு, 19 முதல் 38 வயது வரையிலான எட்டு ஆண்களுக்கு ஆறு நாள் தினமும் அரை லிட்டர் சாறு கொடுத்தது. கடும் வேகத்தில் சைக்கிள் மிதித்துச் சோர்ந்து நிற்கும் நேரம் 16 விழுக்காடு நீண்டது. எட்டே பேர் பங்கேற்ற ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. பந்தயத்தில் கிடைக்கும் முன்னேற்றம் இதைவிட மிகச் சிறியது. உச்சநிலை வீரர்களுக்கு இன்னும் குறைவு. இருந்தாலும் பின்னர் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த அனைத்துலக ஒலிம்பிக் மன்றம், 2018-இல் வெளியிட்ட தன் கருத்தறிக்கையில், ஆதாரமுள்ள ஒருசில துணை உணவுகளில் நைட்ரேட்டையும் சேர்த்தது.

இதில் ஒரு வேடிக்கை: கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பான் பயன்படுத்தினால் நாக்கின் நுண்ணுயிரிகள் செத்துவிடும், பீட்ரூட்டின் இந்தப் பயனும் போய்விடும். ஓட்டப் போட்டிக்கு முன் சாறு குடித்துவிட்டு, வாய் மணக்க வேண்டும் என்று கொப்பளித்தால் குடித்தது வீண்.

ஏபிசி சாற்றின் மறுபக்கம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எந்த உணவங்காடிக்குப் போனாலும் பழச்சாற்றுக் கடையில் ‘ஏபிசி’ இருக்கும். ஐஸ் கச்சாங்கைச் சொல்லவில்லை. ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் சேர்த்துப் பிழியும் சாறு. அற்புத பானம் என்று பெயர் வாங்கியது.

அதைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். நடுத்தர ஆப்பிள் ஒன்றில் ஏறத்தாழ 19 கிராம் சர்க்கரை. அரைப் பீட்ரூட்டில் 3 கிராமுக்கு மேல். சிறு கேரட்டில் 3 கிராம். மொத்தம் சுமார் 25 கிராம். பிழியும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையாகக் குப்பைக்குப் போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பழச்சாற்றுச் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையாகவே எண்ணுகிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கடைக்காரர் சர்க்கரைப் பாகு ஊற்றுவதற்கு முன்னரே நம் கணக்கு முடிந்துவிட்டது. எப்போதாவது குடிக்கலாம், மருந்து என்று தினமும் குடிக்க வேண்டாம். வீட்டில் செய்தால் வடிகட்டாமல் அரைத்துக் குடியுங்கள்.

அடுப்பங்கரைப் பாடங்கள்

பீட்ரூட் பிடிக்காது என்பவர்களின் முதல் புகார் அதன் மண்வாசம். அது கற்பனை அல்ல. ஜியோஸ்மின் என்ற சேர்மம்தான் காரணம். மழை பெய்ததும் எழும் மண்வாசத்திலும் அதுவே இருக்கிறது. புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைக்கும். எனவே எலுமிச்சை, புளி, தயிர், வினிகர் எதுவானாலும் சேருங்கள். தயிரில் செய்யும் பீட்ரூட் பச்சடி பலருக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புளிப்பு நிறத்தையும் காப்பாற்றும். கடுங்காரத்தில் பீட்டானின் மஞ்சளாகிவிடும்; நீண்ட நேரம் வேகவைத்தால் பழுப்பாகிவிடும். அமில, காரப் பாடத்தைப் படிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

வேகவைக்கும்போது தோலைச் சீவ வேண்டாம். இரண்டு விரற்கடைக் காம்பை விட்டு, வாலையும் வெட்டாமல் முழுதாக வேகவையுங்கள். நிறமும் ஃபோலேட்டும் தண்ணீரில் கரையக்கூடியவை; தோல் அவற்றைக் காக்கும். வெந்தபின் தோல் கையாலேயே உரிந்து வரும். விடுதி மாணவர்கள் சோற்றுப் பானையின் மேல்தட்டில் ஆவியில் வேகவைத்துக்கொள்ளலாம். சோறு வெந்ததும் பீட்ரூட் இன்னும் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மேலும் சற்று நேரம் விடுங்கள்.

யாழ்ப்பாண வழி வந்த குடும்பங்களில் பீட்ரூட்டைத் தேங்காய்ப்பாலில் கறியாக்குவார்கள். உக்ரேனியர்கள் போர்ஷ்ட் என்ற புளிப்புச் சூப் வைப்பார்கள். அதைச் சமைக்கும் மரபை யுனெஸ்கோ 2022-இல், உடனடியாகக் காக்கவேண்டிய பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இலையோடு பீட்ரூட் கிடைத்தால் விடாதீர்கள்: இலையை நறுக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாயோடு வதக்கி, தேங்காய்ப்பூ தூவினால் கீரைப் பொரியல் ஆயிற்று.

நான் அடிக்கடி செய்வது பீட்ரூட் கடலைச் சுண்டல். இரவில் ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கோப்பை. துருவிய நடுத்தரப் பீட்ரூட் ஒன்று. எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்து, பீட்ரூட்டை ஐந்து நிமிடம் வதக்கி, கடலையையும் உப்பையும் சேர்த்துப் பிரட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். வெப்பம் பட்டால் வைட்டமின் சி குறையும். இதில் இரும்பைத் தருவது கடலை. ஃபோலேட்டையும் நிறத்தையும் தருவது பீட்ரூட். இரும்பை உடலுக்குள் சேர்க்க உதவுவது எலுமிச்சை. செலவும் குறைவு, இரண்டு பேர் சாப்பிடலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பீட்ரூட்டில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவோடு சாப்பிட வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் பொட்டாசியத்தையும் கவனிக்க வேண்டியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் தாத்தா பாட்டிக்கு அன்பு மிகுதியால் தினமும் சாறு பிழிந்து கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பொரியலாகவும் கூட்டாகவும் சாப்பிடும் மற்றவர்களுக்குப் பயம் வேண்டாம்.

முதலில் எண்ணைத் தெரிந்துகொள்வோம்

எப்போதும் சோர்வு, படிக்கட்டில் மூச்சிரைப்பு, அடிக்கடி தலைசுற்றல், கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருப்பது, மாதவிலக்கில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் சமையலறைக்கு முன்னால் கிளினிக்குக்குப் போக வேண்டும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழும், ஆண்களுக்கு 13-க்குக் கீழும் இருந்தால் அது இரத்தச்சோகை. எதனால் வந்தது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். இரும்புக் குறைவா, பி12 குறைவா, பரம்பரையாக வரும் தலசீமியாவா என்று தெரியாமல் நாமே மாத்திரை வாங்கி விழுங்குவதும் சரியன்று.

மலேசியக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். ஒரு குவளை ஏபிசி சாற்றை விட அது மலிவு. மாதவிலக்கைப் பற்றி வெளியில் பேசத் தயங்கும் வீடுகளில், “பீட்ரூட் சாப்பிடு” என்பது சில சமயம் அந்தப் பேச்சை அதோடு முடித்துவைக்கும் வழியாகிவிடுகிறது. அடுத்த முறை தங்கையோ தோழியோ “எப்போதும் அசதியாக இருக்கிறது” என்று சொன்னால், பீட்ரூட் சுண்டல் தாராளமாகச் செய்து கொடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அவளோடு கூடவே கிளினிக்குக்கும் போய் வாருங்கள்.